கிடையில் விழும் முன் பேச வேண்டியது

கோவில்பட்டி வட்டாரத்தில் எழுபத்தைந்து வயதான ஒருவருக்கு விடியற்காலையில் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுபோகிறது என்று வைத்துக்கொள்வோம். 108-க்குச் சொல்லி, கோவில்பட்டி அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தாயிற்று. அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு அனுப்பினால் தெற்கே திருநெல்வேலி, கிழக்கே தூத்துக்குடி, வடக்கே விருதுநகர். பண வசதியும் ஆள் வசதியும் இருந்தால் மதுரை. எங்கே கொண்டுபோவது, மூச்சு திணறினால் தொண்டையில் டியூப் போட்டு வென்டிலேட்டரில் வைக்கச் சம்மதிப்பதா, பத்து நாளாகியும் கண் திறக்கவில்லை என்றால் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்தச் சொல்வதா, இல்லை கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிடுவதா என்று ஒன்றன்பின் ஒன்றாக முடிவுகள் வந்து நிற்கும். வராண்டாவில் மூத்த மகன் இருப்பார், மருமகன் இருப்பார், திருப்பூரிலிருந்து பஸ் ஏறிய இளையவன் பாதி வழியில் இருப்பான், எங்கிருந்தோ பேத்தி போனில் இருப்பாள். எல்லோரும் பேசுவார்கள். யாருடைய உடம்பைப் பற்றிப் பேசுகிறார்களோ அவரால் மட்டும் பேச முடியாது.

யாரோ ஒருவருக்கு நேர்கிற விதிவிலக்கு அல்ல இது. அமெரிக்காவில் அறுபது வயதைக் கடந்து இறந்த 3,746 பேரைப் பற்றி மரியா சில்வேராவும் சக ஆய்வாளர்களும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், கடைசிக் கட்டத்தில் சிகிச்சை குறித்து முடிவெடுக்க வேண்டிய நிலை 42.5 சதவீதம் பேருக்கு வந்தது தெரிந்தது. அப்படி முடிவெடுக்க வேண்டியிருந்தவர்களில் 70 சதவீதம் பேர் அதைத் தாங்களே எடுக்கும் நிலையில் இல்லை. பக்கவாதம், மூளைக்குப் பரவிய கிருமித்தொற்று, ரத்தத்தில் கரியமில வாயு ஏறிய மயக்கம், முற்றிய மறதிநோய், வென்டிலேட்டரில் வைத்திருப்பதற்காகக் கொடுக்கப்படும் தூக்க மருந்து என்று காரணங்கள் பலவாக இருக்கலாம். அவருடைய கருத்து மிக அவசியமாகத் தேவைப்படும் நேரமும், அவரால் கருத்துச் சொல்ல முடியாத நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. எனவே அந்தக் கருத்தை முன்னமே வாங்கி வைக்க வேண்டும். இந்த எளிய காரணத்தில்தான் எதிர்கால மருத்துவச் சிகிச்சையை முன்கூட்டியே திட்டமிடுவது என்ற முழு யோசனையும் நிற்கிறது.

கரிசல் பூமியில் இதைப் பேசும்போது ஒரு விஷயத்தைத் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. படுக்கையில் விழுந்த முதியவர்களின் சாவை வீட்டாரே விரைவுபடுத்தும் தலைக்கூத்தல் பற்றி 2010-ல் விருதுநகர் மாவட்டத்திலிருந்து பத்திரிகைச் செய்திகள் வெளிவந்தன. மதுரை, தேனி, தூத்துக்குடி மாவட்டங்களின் பெயரும் அந்தப் பேச்சில் அடிபட்டது. பிரியா கிருஷ்ணசாமி இயக்கிய 'பாரம்' படம் இதைக் கருவாகக் கொண்டு, சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. தலைக்கூத்தல் கொலைதான், அதற்கு வேறு பெயர் வைப்பதற்கில்லை. அதையே இந்தப் பகுதியின் அடையாளமாகப் பேசுவதும் அநியாயம். மழை பொய்த்த வருஷங்களிலும் மலம் மூத்திரம் அள்ளி, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்து, வருஷக்கணக்கில் பெற்றவர்களைப் பார்த்துக்கொண்ட வீடுகளே இங்கு அதிகம். ஆனால் தலைக்கூத்தல் நடந்த வீட்டையும், மகன்கள் நிலத்தை விற்றுக் கட்டிய பணத்தில் அப்பா ஒரு மாதம் வென்டிலேட்டரில் கிடந்து இறந்த வீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரியும். முதலாவது குற்றம், இரண்டாவது பாசம். இரண்டிலும் அவரிடம் யாரும் கேட்கவில்லை. கடைசிக் காலம் பற்றிய முடிவுகள் இந்த மண்ணில் எப்போதும் எடுக்கப்பட்டுத்தான் வந்திருக்கின்றன. சம்பந்தப்பட்டவரை விட்டுவிட்டு எடுக்கப்படுவதுதான் கோளாறு. அந்த ஆளை மறுபடி பேச்சுக்குள் கொண்டுவருவதுதான் முன்திட்டமிடலின் வேலை. சாவைச் சீக்கிரமாக்குவதோ இழுத்துப்பிடிப்பதோ அதன் நோக்கமில்லை.

எதைப் பற்றிக் கேட்பது என்று தெரிய, இந்தச் சிகிச்சைகள் உண்மையில் என்ன செய்கின்றன என்று தெரிய வேண்டும். வென்டிலேட்டர் நோயைக் குணப்படுத்துவதில்லை. நுரையீரல் செய்ய முடியாத வேலையைச் செய்து, நோய் குணமாவதற்கான அவகாசத்தை வாங்கித் தருகிறது. நிமோனியாவோ, விஷக்கடியோ, விபத்தோ என்றால் அந்த அவகாசம் உயிரின் விலை பெறும். குணமாவதற்கு எதுவும் மிச்சமில்லாத நோயில் அதே எந்திரம் சாவு நடக்கும் காலத்தை நீட்டிக்கொடுக்கிறது. டயாலிசிஸும் அப்படியே. நின்றுபோன இதயத்தை மார்பில் அழுத்தி ஓடவைக்கும் முயற்சியைப் பற்றிச் சினிமா தரும் நம்பிக்கை உண்மைக்கு வெகு தூரம். அமெரிக்க மருத்துவமனைகளில் இந்த முயற்சிக்கு உட்பட்ட, அறுபத்தைந்து வயதும் அதற்கு மேலும் ஆன நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான கட்டுரை, அவர்களில் சுமார் 18 சதவீதம் பேரே உயிரோடு மருத்துவமனையை விட்டு வெளியே வந்தார்கள் என்று காட்டியது. எல்லா வசதியும் உள்ள மருத்துவமனைகளின் கணக்கு அது. மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ செலுத்தும் உணவுக்குழாய் பற்றியும் சொல்ல வேண்டும். முற்றிய மறதிநோயில் அது ஆயுளைக் கூட்டுவதாகவோ, உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரமில்லை என்பதால், கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே முதியோர் மருத்துவ வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். 'பட்டினி போட்டுக் கொன்ற பாவம்' என்று நம் வீடுகளில் மருகுகிறார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இது: இறந்துகொண்டிருக்கும் உடம்பு பசியையும் தாகத்தையும் தானே குறைத்துக்கொள்கிறது. விழுங்க முடியாதவருக்குப் பாலோ தண்ணீரோ ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கும் ஆபத்து உண்டு. உதட்டையும் நாக்கையும் ஈரப்பஞ்சால் நனைத்துக்கொண்டிருப்பதே அந்நேரத்தில் சரியான பணிவிடை.

எல்லா நோயும் ஒரே மாதிரி முடிவதில்லை என்பதும் இதில் சேர்த்தி. புற்றுநோய்க்காரர் பெரும்பாலும் கடைசிச் சில மாதங்கள் வரை நடமாடிவிட்டு வேகமாகச் சரிவார், பேசிக்கொள்ள நேரமிருக்கும். இதயம் பழுதானவரும், வருஷக்கணக்காக இளைப்பில் இருப்பவரும் திடீர் திடீரென்று மோசமாகி, மருத்துவமனைக்குப் போய்த் தேறி, முன்பைவிடச் சற்றுக் கீழான நிலையில் வீடு திரும்புவார்கள். இந்தச் சரிவும் மீட்பும் பழகிவிடுவதால், மீளாத அந்த ஒரு முறை எதுவென்று முன்கூட்டித் தெரியாது. முதுமையின் தளர்ச்சியும் மறதியும் மெதுவாக, வருஷக்கணக்கில் இறங்குபவை. அங்கே உடம்பு இருக்கும்போதே பேச்சும் புத்தியும் முதலில் போய்விடும். பேசி வைப்பது மிக அவசரமாகத் தேவைப்படுவது இந்த மூன்றாவது வகைக்குத்தான். 'இன்னும் அவருக்கு ஒன்றுமில்லையே' என்று மிக அதிகமாகத் தள்ளிப்போடப்படுவதும் இங்கேதான்.

சட்டம் இந்தியாவில் இதற்கு வழி திறக்கப் பல வருஷங்கள் ஆயின. மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை சேதமடைந்து, 2015 மே மாதம் நிமோனியாவில் இறக்கும்வரை நாற்பத்தொரு ஆண்டுகளுக்கு மேல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு ஊட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டு எழுத்தாளர் பிங்கி விரானி தொடுத்த வழக்கில், 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை மறுத்தது. அவரை அத்தனை காலமும் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் அவர் வாழ வேண்டும் என்றார்கள். அவர்களுடைய கருத்துக்கு நீதிமன்றம் மதிப்புக் கொடுத்தது. ஆனால் உயர் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் உயிர்காப்புச் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்ற கொள்கையை அதே தீர்ப்பு ஏற்றது. பின்னர் காமன் காஸ் அமைப்பு 2005-லேயே தொடுத்திருந்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும், ஒருவர் முன்கூட்டியே தன் விருப்பத்தை எழுதி வைக்கலாம் என்றும் தீர்ப்பளித்தது. லிவிங் வில் என்று இப்போது எல்லோரும் சொல்லும் ஆவணம் அதுதான். அதில் முதல் வகுப்பு ஜுடீஷியல் மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததால் நடைமுறையில் அது காகிதத்திலேயே நின்றது. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது.

இப்போதுள்ள முறைப்படி, சுயநினைவும் தெளிவும் உள்ள வயதுவந்த எவரும் சார்பற்ற இரண்டு சாட்சிகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் புரிந்துகொண்டு எழுதியதுதானா என்று சான்றளிப்பவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும். தனக்காகப் பேச வேண்டியவர் என்று ஒருவரையோ, ஒருவருக்கு மேற்பட்டவர்களையோ அதில் பெயர் குறிப்பிடலாம். பிரதி ஒன்றை உள்ளாட்சி அமைப்பு நியமிக்கும் அதிகாரி பாதுகாக்க வேண்டும். கிராமத்துக்கு அது ஊராட்சி. எழுதியதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். எழுதிவிட்டதாலேயே சிகிச்சை நின்றுவிடாது. எழுதியவர் முடிவெடுக்கும் நிலையை இழந்து, மீள வழியில்லாத நோயில் இருந்தால் மட்டுமே அது செயலுக்கு வரும். சிகிச்சையளிக்கும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு வல்லுநர்களும் கொண்ட முதல் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்; மாவட்டத்தின் முதன்மை மருத்துவ அலுவலர் நியமிக்கும் ஒருவரும் வேறு இரண்டு வல்லுநர்களும் அடங்கிய இரண்டாவது குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் போக வேண்டும். கர்நாடக அரசு 2025 ஜனவரியில் இந்தக் குழுக்களை அமைக்கும்படி மருத்துவமனைகளுக்கு ஆணை பிறப்பித்தது.

அப்படியானால் ஆளுக்கொரு ஆவணம் எழுதி வைத்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. அதை மறைத்துவிட்டு இந்த யோசனைக்காக வாதாடுவது நேர்மையாகாது. 1995-ல் வெளியான சப்போர்ட் என்னும் ஆய்வு ஐந்து அமெரிக்க மருத்துவமனைகளில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கடுமையான நோயாளிகளைப் பின்தொடர்ந்தது. நோயாளியின் விருப்பத்தை மருத்துவரிடம் கொண்டுசேர்ப்பதற்கென்றே பயிற்சி பெற்ற செவிலியர்களை அமர்த்தியும் சிகிச்சைப் போக்கில் மாற்றமே ஏற்படவில்லை. இதயத்தை மறுபடி இயக்கும் முயற்சி வேண்டாம் என்று நோயாளி நினைப்பது அவருடைய மருத்துவர்களில் பாதிப்பேருக்கும் குறைவானவர்களுக்கே தெரிந்திருந்தது. 2004-ல் ஆஞ்சலா ஃபேகர்லின், கார்ல் ஷ்னைடர் இருவரும் லிவிங் வில் தோற்றுவிட்டது என்றே எழுதினார்கள். 2021-ல் இந்தத் துறையின் முன்னோடிகளான மாரிசன், மையர், அர்னால்ட் மூவரும், இத்தனை ஆண்டு ஆராய்ச்சிக்குப் பிறகும் முன்திட்டமிடல் சிகிச்சையின் தரத்தை உயர்த்தியதாக நிறுவ முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். இன்னொரு பக்கம், மெல்பர்னில் எண்பது வயதைக் கடந்த 309 பேரை வைத்து நடந்து 2010-ல் வெளியான சோதனையில், பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து நோயாளியோடும் குடும்பத்தோடும் பேசிய பிரிவில் இறந்தவர்களில் 86 சதவீதம் பேரின் விருப்பம் தெரிந்திருந்தது, பின்பற்றவும்பட்டது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் அது 30 சதவீதம். இறந்தவர்களின் குடும்பத்தாருக்குப் பின்னால் வந்த மனச்சோர்வும் பதற்றமும் பேசிய பிரிவில் குறைவாக இருந்தன.

இந்த முரண்பாட்டை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். தோற்பது பட்டியல். 'வென்டிலேட்டர் வேண்டும், வேண்டாம். டயாலிசிஸ் வேண்டும், வேண்டாம்' என்று டிக் அடித்து வைக்கும் காகிதம், நாளை வரப்போகும் நிலைமையை இன்றே ஊகித்துப் பதில் சொல்லச் சொல்கிறது. அது யாராலும் முடியாது. டெர்ரி ஃப்ரீட் குழுவினர் 2002-ல், கடும் நோயிலிருந்த அறுபது வயதைக் கடந்த 226 பேரிடம் கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள்: சிகிச்சையின் பெயரைச் சொல்லாமல் அதன் முடிவைச் சொன்னார்கள். எளிய சிகிச்சையால் இப்போதிருக்கும் நிலைக்கே திரும்பலாம் என்றால் அநேகமாக எல்லோருமே வேண்டும் என்றார்கள். உயிர் பிழைத்தாலும் உடல் முற்றாக முடங்கிவிடும் என்றால் முக்கால்வாசிப் பேர் வேண்டாம் என்றார்கள். யாரையும் அடையாளம் தெரியாத அளவுக்கு அறிவு மங்கிவிடும் என்றால் வேண்டாம் என்றவர்கள் கிட்டத்தட்ட 89 சதவீதம். ஆகவே கேட்க வேண்டியது எந்த எந்திரம் என்பதை அல்ல. எந்த நிலைக்குத் திரும்ப முடிந்தால் கஷ்டப்படலாம், எந்த நிலையில் போதும் என்று விட வேண்டும் என்பதைத்தான். ஆறு மாதம் கிடையில் கிடந்தாலும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்பவர் உண்டு. தானாக எழுந்து புழக்கடைக்குப் போக முடியாவிட்டால் வேண்டாம் என்பவரும் உண்டு. இரண்டையும் மருத்துவரால் சிகிச்சையாக மொழிபெயர்க்க முடியும்; 'எல்லாம் செய்யுங்கள்' என்பதையோ 'ஒன்றும் செய்யாதீர்கள்' என்பதையோ மொழிபெயர்க்க முடியாது.

காகிதத்தைவிட முக்கியம், தன் சார்பில் பேசப்போகும் ஆள். அங்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். நோயாளியின் விருப்பத்தை நெருங்கிய உறவினர் எவ்வளவு சரியாக ஊகிக்கிறார்கள் என்று பதினாறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை, 68 சதவீதம் சரி என்று கண்டது. மூன்றில் ஒரு முறை, நாற்பது வருஷம் கூடவே வாழ்ந்தவர்களும் தவறாகச் சொல்கிறார்கள். பாசம் இருந்தால் மனசு தெரியும் என்ற நம்பிக்கையை இது உலுக்கத்தான் செய்கிறது. அந்த ஆளைச் சரியாக ஊகிக்கும் எந்திரமாக்க முடியாது. ஆனால் அவருக்கு இரண்டு விஷயங்களைக் கொடுத்துவைக்கலாம். ஒன்று, எந்த நிலை தாங்கத்தக்கது என்ற குறிப்பு. மற்றொன்று, 'நான் சொன்னதற்கு மேலே மருத்துவர் வேறு சொன்னால் நீயே யோசித்து முடிவெடு' என்ற அனுமதி. இந்த அனுமதியை எல்லோர் காதிலும் விழும்படி கொடுத்திருந்தால், மருத்துவமனை வராண்டாவில் வரும் மற்றொரு சிக்கலும் குறையும். ஊரில் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கும்போது, வருஷத்துக்கு ஒருமுறை பொங்கலுக்கு வருகிறவர் வந்து இறங்கி, எப்படியாவது காப்பாற்றியாக வேண்டும் என்று சத்தம் போடுவது எங்கும் உள்ளது. 1991-லேயே கனடா மருத்துவர்கள் இதைக் 'கலிஃபோர்னியா மகள்' என்று பெயரிட்டு எழுதினார்கள். கோவில்பட்டிக்கு அவர் சென்னையிலிருந்தோ சவூதியிலிருந்தோ வருவார். அவர் கெட்டவரல்ல, குற்றவுணர்ச்சியோடு வருகிறவர். அப்பா இன்னாரைப் பேசச் சொன்னார் என்று முன்பே தெரிந்திருந்தால் அவருடைய பாரமும் இறங்கும்.

இனி எதிர்வாதங்களில் கனமானதற்கு வருவோம். தலைக்கூத்தல் நடந்த வட்டாரத்தில் 'சிகிச்சை வேண்டாம்' என்று எழுதி வாங்கும் வழியைத் திறந்துவிடுவது, கொலைக்குச் சட்டச் சட்டை போட்டுவிடுவதாகாதா? மருமகள் கையால் சாப்பிட்டுக்கொண்டு, 2023-ல் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகையையும் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் எதைத்தான் எழுதி வாங்க முடியாது? இந்தப் பயம் நியாயமானது. இதை 'சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது' என்ற ஒரு வரியில் தள்ளிவிட முடியாது. முதலில், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மருத்துவ ரீதியானது. சிகிச்சையை விலக்கும்போது உயிரைப் பறிப்பது நோய். நோய் மீளாதது என்று குறைந்தது ஆறு மருத்துவர்கள் சொல்லியிருக்க வேண்டும். தலைக்கூத்தலில் உயிரைப் பறிப்பது செயல். அது நடந்தவர்களில் பலர் சாகும் நோயிலேயே இருந்திருக்க மாட்டார்கள், முதுமையிலும் முடக்கத்திலும்தான் இருந்திருப்பார்கள். இடுப்பு எலும்பு முறிந்து கிடக்கிறவருக்கோ, ஒரு பக்கம் விழுந்துபோய் நல்ல நினைவோடு இருக்கிறவருக்கோ லிவிங் வில் பொருந்தவே பொருந்தாது. அடுத்தது, தலைக்கூத்தல் நடக்க ரகசியம் வேண்டும். வீட்டுக்குள் பேசி, வீட்டுக்குள் முடித்து, ஊர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். முன்திட்டமிடல் கேட்பது நேர் எதிரானது: வெளியாள் சாட்சி, சான்றளிக்கும் அதிகாரி, இரண்டு மருத்துவக் குழு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். ஒரு முதியவரின் விருப்பம் கிராமச் செவிலியருக்கும் ஊராட்சிக்கும் தெரிந்திருக்கும் ஊரில், அவரைச் சத்தமில்லாமல் முடித்துவிடுவது கடினமாகும்.

இருந்தாலும் வற்புறுத்தல் என்பது எப்போதும் வெளியிலிருந்துதான் வர வேண்டுமென்பதில்லை. 'யாருக்கும் பாரமா இல்லாம போய்ச் சேர்ந்திரணும்' என்று சொல்லாத முதியவர் கரிசலில் அபூர்வம். அதைக் கேட்டவுடன் விருப்பம் என்று எழுதிக்கொள்வது பெரிய தவறு. அது உண்மையிலேயே அவர் யோசித்த முடிவாக இருக்கலாம். தீராத மூட்டு வலியின் குரலாகவும் இருக்கலாம், மருந்துக்குக் காசு கேட்கக் கூச்சமாகவும் இருக்கலாம். மனச்சோர்வு நோயாகவும் இருக்கலாம். முதுமையில் வரும் மனச்சோர்வு மருத்துவத்துக்குக் கட்டுப்படுவது. கடுமையாக இருந்தவர்களில் சிலர், அது தணிந்தபின் முன்பு மறுத்த உயிர்காப்புச் சிகிச்சையை வேண்டும் என்று மாற்றிச் சொன்னதையும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அதனால் இந்தப் பேச்சுக்குச் சில ஒழுங்குகளை நான் கட்டாயம் என்றே சொல்வேன். முதல் பேச்சு பிள்ளைகள் இல்லாத இடத்தில் நடக்க வேண்டும். வலிக்கும் மனச்சோர்வுக்கும் வைத்தியம் பார்த்த பிறகே விருப்பத்தைப் பதிய வேண்டும். சொத்து யாருக்குப் போகப்போகிறதோ அவர் ஒருவரே பேசும் ஆளாக இருக்கக் கூடாது. கூடவே வேறொருவர் வேண்டும். சொத்து எழுதுகிற அதே நாளில், அதே பத்திர எழுத்தர் மேசையில் இதையும் எழுதக் கூடாது. பார்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு சொத்தை வாங்கிவிட்டுக் கைவிட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க 2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது என்பதையும் அந்தப் பேச்சிலேயே சொல்லிவிட வேண்டும். தன் உரிமை இன்னதென்று தெரியாதவர் சொல்லும் 'வேண்டாம்' என்பதில் பாதி பயம்தான்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கசப்பானது. தேவையான சிகிச்சையே கிடைக்காத ஏழையிடம் போய் வேண்டாத சிகிச்சையைப் பற்றிப் பேசுவது கொடுமையில்லையா என்பது. பக்கவாதத்துக்கான ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; விளாத்திகுளம் தாண்டிய ஒரு கிராமத்தில் ஆளைத் தூக்கி வண்டியேற்றி, ஸ்கேன் எடுத்து முடிப்பதற்குள் எத்தனை பேருக்கு அந்நேரம் மிஞ்சும்? நான் இந்த வாதத்தின் உண்மையை ஏற்கிறேன், முடிவை ஏற்கவில்லை. ஏழைக்குச் சிகிச்சை கிடைக்காததும், கிடைக்கும்போது பொருளில்லாமல் நீள்வதும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து நடக்கின்றன. நம் ஊர்களில் சிகிச்சையை விலக்குவது தினமும் நடக்கத்தான் செய்கிறது, 'மருத்துவ ஆலோசனைக்கு மாறாக' என்ற கையெழுத்தோடு. பணம் தீர்ந்ததும் அல்லது நம்பிக்கை தீர்ந்ததும், குழாயைப் பிடுங்கி ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். வலிக்கு மருந்தில்லை, மூச்சுத் திணறலுக்கு மருந்தில்லை, வீட்டில் என்ன செய்வதென்று சொல்ல ஆளில்லை. வசதியுள்ளவருக்குக் கிடைக்கும் அமைதியான முடிவு ஏழைக்கு இந்தக் கோலத்தில் வருகிறது. எழுதி வைத்த விருப்பம் ஒன்று இருந்தால் மருத்துவமனை வெளியே அனுப்புவதோடு தன் கடமை முடிந்தது என்று சொல்ல முடியாது. எந்திரத்தை விலக்கினாலும் வேதனை தணிக்கும் கவனிப்பைத் தொடர வேண்டியது அதே வழிகாட்டுதல்களின் பகுதி.

அந்தக் கவனிப்பு இல்லாத இடத்தில் முன்திட்டமிடல் வெறும் வார்த்தைதான். 'வலியில்லாமல் வீட்டில் இருந்து போக வேண்டும்' என்று ஒருவர் எழுதிவைத்து, மார்ஃபின் மாத்திரை எட்டிய தூரத்தில் இல்லையென்றால் என்ன பயன்? 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளுக்கே எட்டாத பொருளாக்கிவைத்திருந்தது. 2014-ல் வந்த திருத்தம் அந்த உரிம முறையை எளிதாக்கியது. கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் 1993-ல் தொடங்கிய வலி மற்றும் பராமரிப்பு அமைப்பு, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களை வைத்தே வீட்டு வாசல் வரை இந்தக் கவனிப்பைக் கொண்டுபோக முடியும் என்று காட்டியது. கேரளம் 2008-ல் அதை அரசின் கொள்கையாக்கியது. தமிழ்நாட்டிலும் அஸ்திவாரம் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கான வலிதணிப்புக் கவனிப்பையும் இயன்முறைச் சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டுவருவது. வேதனை தணிப்பு என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. பாஸ்டனில் பரவிய நுரையீரல் புற்றுநோயுள்ள 151 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான சோதனையில், ஆரம்பத்திலேயே அந்தக் கவனிப்பைச் சேர்த்துப் பெற்றவர்கள் மற்றவர்களைவிட இரண்டு மாதத்துக்கும் மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாகவே நடந்தன.

குடும்பமாக முடிவெடுக்கும் நம் வழக்கத்துக்குத் தனிமனித விருப்பம் என்பதே ஒட்டாத சரக்கு என்று சிலர் சொல்வார்கள். விருப்பம் தனியாளுடையதாக இருப்பதால் பேச்சு தனியாக நடக்க வேண்டும் என்பதில்லை. 'என் பிள்ளைகள் கூடிப்பேசி முடிவெடுக்கட்டும்' என்பதும் ஒரு விருப்பம்தான். அதையும் அவர்தான் சொல்ல வேண்டும். சாவைப் பேசினால் சாவு வரும் என்ற அச்சத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை: நிலத்துக்கு உயில் எழுதிய நம் பாட்டன்மார் எழுதிய மறுநாளே இறந்துவிடவில்லை. இதைவிட யோசிக்க வேண்டியது, மனம் மாறும் என்ற வாதம். உடம்பு முடியாமல் போனபின் மனிதர்கள் அதற்குப் பழகிக்கொள்கிறார்கள். திடமாக இருக்கும்போது தாங்கவே முடியாது என்று நினைத்த வாழ்க்கையில் பிறகு நிறைவும் காண்கிறார்கள். இதனால்தான் இப்பேச்சு ஒருமுறை நடந்து முடிகிற சடங்காக இருக்கக் கூடாது. மருத்துவத்திலேயே இதற்கு ஒரு நல்ல வழியும் இருக்கிறது: சந்தேகமான நிலையில் வென்டிலேட்டரையோ டயாலிசிஸையோ மறுக்காமல், ஐந்து நாளோ பத்து நாளோ என்று கெடு வைத்துத் தொடங்குவது, இன்ன முன்னேற்றம் தெரிந்தால் தொடர்வது, தெரியாவிட்டால் நிறுத்துவது என்று முதல் நாளே பேசிக்கொள்வது. தொடங்கிவிட்டால் நிறுத்தவே முடியாது என்ற பயத்தில் கிடைத்திருக்கக்கூடிய உயிரை இழப்பதையும், நிறுத்தினால் கொன்றதாகும் என்ற பயத்தில் வாரக்கணக்கில் நீட்டுவதையும் இது தவிர்க்கிறது.

நடைமுறையில் இதை எங்கே தொடங்கலாம்? வக்கீல் அலுவலகத்தில் வேண்டாம் என்பது என் எண்ணம். சர்க்கரை மாத்திரை கொடுக்க மாதாமாதம் வீட்டுப்படி ஏறும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளரிடமும், ஆரம்ப சுகாதார நிலையத்துக் கிராமச் செவிலியரிடமும் தொடங்கலாம். அவர்கள் அந்த வீட்டின் அடுப்பங்கரை வரை தெரிந்தவர்கள். மூன்று கேள்விகள் போதும்: உங்களால் சொல்ல முடியாமல் போனால் யாரிடம் கேட்க வேண்டும்? உங்களுக்கு இதெல்லாம் முடிந்தால்தான் வாழ்க்கை என்று எதை நினைக்கிறீர்கள்? எதை நினைத்தால் பயமாக இருக்கிறது? முதல் கேள்விக்கு ஒரு பெயரும் போன் நம்பரும் கிடைத்து, அது அவருடைய மருத்துவச் சீட்டின் முதல் பக்கத்தில் ஏறிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. அந்தக் குறிப்புக்கு லிவிங் வில்லின் சட்ட பலம் கிடையாது. இருந்தும் இரவு இரண்டு மணிக்கு அவசரப் பிரிவில் நிற்கும் இளம் மருத்துவருக்கு முதலில் உதவுவது அதுதான். புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதயப் பழுது, தொடங்கிவிட்ட மறதி என்று நோய் தெளிவாகத் தெரிந்தவர்கள் அடுத்த படியாகச் சாட்சிகளோடு முறைப்படி எழுதலாம். அரசு மருத்துவரோ மேல்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரோ கெஜட்டட் அதிகாரியாகச் சான்றளிக்க முடியும். ஒரு பிரதி பேசும் ஆளிடம், ஒன்று ஊராட்சியில், ஒன்று வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம், ஒன்று ரேஷன் கார்டும் காப்பீட்டுத் திட்ட அட்டையும் இருக்கும் பையில். ஒவ்வொரு முறை மருத்துவமனையில் படுத்து எழுந்து வரும்போதும், பேசும் ஆள் இறந்தாலோ வெளியூர் போனாலோ, அதை எடுத்துப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். மாற்றம் இருந்தால் மாற்றத்தை எழுத்தில் வைத்து, பழைய பிரதி வைத்திருக்கும் எல்லோருக்கும் புதியதைக் கொடுத்துவிட வேண்டும்.